மாப்பிள்ளை சொன்ன டிஃப்

லோரி எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் சோற்றை வடித்தால், அவர் கால் கழுவிவிட்டு வந்து உட்காரச் சரியாக இருக்கும். வீடு ஜொகூர் பக்கம், பண்டார் தெங்காராவில். எந்தப் பக்கம் போனாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. சிறுதோட்டக்காரர்கள் வெட்டிப் போடும் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் கொட்டுவது என் கணவரின் தொழில். சொந்த லோரி, கேட்க ஆளில்லை, மத்தியானம் வீட்டுச் சோறு. அக்கம்பக்கத்துப் பெண்களின் கணவன்மார்கள் விடியுமுன்னே சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போய், அலுத்துச் சலித்துத் திரும்புகிறவர்கள். என் புருஷன் பட்டப்பகலில் என் எதிரே உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்வார். அதைக் கேட்பது எனக்கு எவ்வளவு பெரிய சுகம் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் லோரியின் வழக்கமான சத்தத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. வயிற்றுவலிக்காரன் முனகுவது போல, அடியிலிருந்து ஒரு நீண்ட ஊம் சத்தம். வேகம் கூடினால் அதுவும் கூடியது.

"டிஃப் போச்சு" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

டிஃபரன்ஷியலைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். லோரியின் பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் கூடு புடைத்துக்கொண்டு இருக்குமே, அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள். எஞ்சினிலிருந்து நீளமான தண்டு வழியாக வரும் சுழற்சியை வாங்கி, இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இதெல்லாம் லோரிக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகு காதில் விழுந்து விழுந்து நான் தெரிந்துகொண்டது.

என் கணவருக்கு ஒரு குணம். சந்தேகம் என்பதே அவருக்கு வராது. மழை வராது என்று சொல்லிவிட்டுப் போவார். தொப்பலாக நனைந்து வந்தால், அது மழையில்லை, தூறல் என்பார். இப்படிப்பட்ட மனிதர் டிஃப் போச்சு என்று சொன்னால், அது போய்விட்டது. அதற்கு மேல் பேச்சில்லை.

என் அண்ணனுக்குத் தம்போயில் ஒரு பஸ் பட்டறையில் வேலை. கனரக வண்டிகளின் அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். எங்கள் லோரிக்கு எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாமான் பெட்டியோடு வந்துவிடுவார். அப்பா இல்லாத வீட்டில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். அன்றிலிருந்து என் கணவர் முன்னால் அவர் குரல் பாதிதான் வெளியே வரும். "வாங்க மாப்பிள்ளை, சொல்லுங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரி மாப்பிள்ளை." பெண் கொடுத்தவர்கள் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அந்த மரியாதையைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பெருமை. என் தோழிகளின் வீடுகளில் மச்சானும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை.

அந்த ஞாயிறு மூன்று பேருமாக லோரியில் ஏறி ஒரு சுற்றுப் போனோம். வரும் வழியில் சந்தையில் காய் வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். நேர் ரோட்டில் ஊம் சத்தம் உச்சத்தில் இருந்தபோது அண்ணன் சொன்னார்: "எண்ணெ மிதியிலேர்ந்து கால எடுத்துப் பாருங்க, மாப்பிள்ளை."

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானாக உருண்டது. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. அண்ணன் குனிந்து காலடித் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், டிஃப்தானே?"

"தெனம் ஓட்டுறவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா, மாப்பிள்ளை?"

எனக்கு அப்போது சந்தைக் கவலை. பயற்றங்காய் தீர்ந்து போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூசணிக்காயின் அடியில் இருந்த திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார்கள். திருகின் முனையில் ஒரு காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ குழம்பு மாதிரி ஒட்டியிருந்தது. என் கணவர் அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். "பாரு, இரும்புத் தூள். பல்லு தேஞ்சி போச்சு." அண்ணன் அதில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். சில்லு ஏதும் இல்லை, மாவு போல மெத்தென்று இருந்தது. ஓடுகிற வண்டி எதிலும் அந்த மாவு இருக்குமாம். பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, "மாத்திரலாம் மாப்பிள்ளை" என்றார்.

தம்போய்ப் பக்கம் ஒரு பொத்தோங் கடை. பழைய லோரிகளை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற இடம். அங்கே தவுக்கே, அதாவது கடை முதலாளி, வைத்த ஒரு வழக்கம் உண்டு: கழற்றிய பழையதைக் கொண்டுவந்து போட்டால்தான் மாற்றுச் சாமான் கையில் கிடைக்கும். ஆகவே முதலில் கழற்றினார்கள். இரண்டு பக்கமும் சக்கரத்துத் தண்டுகளை உருவி, நடுத்தண்டைப் பிரித்துத் தொங்கவிட்டு, சுற்றியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஜேக்கில் தாங்கி அந்தக் கனத்த பிண்டத்தைக் கீழே இறக்கினார்கள். வெயிலில் அதன் பற்கள் பளபளத்தன. அழகாகத்தான் இருந்தது.

"பழசு கொஞ்ச நாளு நம்மகிட்டயே இருக்கட்டுமே, மாப்பிள்ளை. தவுக்கேகிட்ட நான் பேசிப் பாக்கறேன்."

"செத்தத வீட்டுல வச்சி என்னா பண்றது, மச்சான்?"

அண்ணன் சிரித்து வைத்தார். வாய் திறந்து அவர் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். கடையில் தவுக்கே கொடுத்த மாற்று டிஃபைப் பார்த்து, ஒரே வகை லோரியில் இருந்து எடுத்ததுதானா என்று இவர் கேட்டிருக்கிறார். "சாமா, சாமா" என்று தவுக்கே தலையாட்டினார். ஒன்றுதான், ஒன்றுதான் என்று. பல் கணக்கை எண்ணிப் பார்க்கலாம் என்று அண்ணன் குனிந்திருக்கிறார். "சாமாங்கிறான்லா, விடுங்க மச்சான்" என்று இவர் தூக்கச் சொல்லிவிட்டார்.

பூட்டி முடித்து, புது எண்ணெய் ஊற்றி, லோரியை எடுத்தார்கள். சந்து முனை தாண்டும்போதே நான் வாசலில் நின்று கேட்டேன். அதே முனகல்.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "புதுசுலா. பல்லு ஒண்ணோட ஒண்ணு பழகணும்" என்றார். அண்ணன் அதற்கும் தலையாட்டினார். அன்றைக்கு அவர் தலையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லோரி பழத்தோடு மேட்டில் நின்றுவிட்டது. செம்மண் ஏற்றம், வருஷக்கணக்காக அவர் ஏறி இறங்கிய இடம். எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பாதிக் குலையை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறினார். அன்று ராத்திரி அவர் ரசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் யாரையும் எதுவும் கேட்காமல் வண்டிக்கு அடியில் போனார். எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டை நடுவில் தாங்கிப் பிடிக்க ஒரு பேரிங் உண்டு. அதைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்து, பேரிங் வறண்டு போயிருந்தது. கையில் அடங்குகிற சாமான். அதை மாற்றி ஓட்டிப் பார்த்தால் முனகல் நின்றுவிட்டது. டிஃப் முனகினால் மிதியிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் மாறும்; மாறாமல் ஒரே சீராக வந்தால் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். அன்று ரோட்டில் அவர் அதற்குத்தான் காலை எடுக்கச் சொன்னார்.

பிறகு பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, தண்டைக் கையால் சுழற்றி, அது எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வருகிறது என்று எண்ணினார். மாற்றிப் பூட்டியது நெடுஞ்சாலையில் ஓடிய லோரியின் டிஃப். வேகமாகப் போகும், மேடு ஏற இழுவை இருக்காது. எங்கள் பழையது மேட்டுக்கென்றே அமைந்தது, ஒரு பழுதும் இல்லாதது. இரண்டு பேரும் அப்படியே பொத்தோங் கடைக்கு ஓடினார்கள். அது வேறு வண்டிக்குப் போய்விட்டிருந்தது. எந்த வண்டி, எந்த ஊர் என்று தவுக்கேவுக்கே தெரியவில்லை. எங்களுடையது பழைய லோரி. அதே பல் கணக்கில் இன்னொன்று தேடி அவர்கள் ஏறி இறங்காத கடையில்லை.

கிடைக்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் அரைத்து அரைத்து கிளட்ச் கருகியது. வெட்டிய பழம் யாருக்காகவும் காத்திருக்காது. தோட்டக்காரர்கள் வேறு லோரியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லோரியை விற்றோம். என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டப் போனார்.

நான் தம்போய்க்குப் போய் அண்ணனிடம் சண்டை பிடித்தேன். "ஒங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?"

"சந்தேகம் இருந்திச்சிம்மா."

"வாயத் தொறந்து சொன்னா என்னா?"

"தங்கச்சியக் குடுத்திருக்கேன். அங்க வந்து அவரு தப்புன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

எனக்கு அழுகைதான் வந்தது. எனக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருக்கலாம். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு தீபாவளிக்கு ராசியாகியிருப்பார்கள். எனக்கு அந்தச் சண்டை கிடைக்காமல் போனதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணன் வீட்டிலிருந்து சிங்கப்பூர்ப் பாலம் பக்கம். வாரநாட்களில் அங்கே தங்கிக்கொள்ளலாம். ஆனால் மாப்பிள்ளை மச்சான் வீட்டில் தங்கினால் மரியாதை என்னாவது? எங்கள் பழைய காரில் ஜொகூர் பாரு வரை ஓட்டிப்போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் வருகிறார். மத்தியானச் சோறு இப்போது எனக்கு மட்டும்தான். நேற்று மிஞ்சியதைச் சூடு பண்ணித் தின்றுவிடுகிறேன்.

போன மாதம் காரின் முன்பக்கம் இரையத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார்.

"டயருதான், மச்சான்" என்றார் என் கணவர்.

அண்ணன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து நின்றார். "இல்ல மாப்பிள்ளை. டயரு இல்ல. பேரிங்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் சக்கரத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"அப்படிங்களா? சரி மச்சான், மாத்திருங்க."

இவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இதைச் சொல்ல அவருக்கும், இதைக் கேட்க இவருக்கும் ஒரு லோரி போக வேண்டியிருந்தது. நான் உள்ளே போய் டீ போடுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் வெளுக்கும் முன்பே அவர் காரை எடுத்தார். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் சொன்னதுதான் சரி. கார் சந்து முனையில் திரும்பி, சிங்கப்பூருக்குப் போய்விட்டது.