பசி தீர்ந்த வல்லூறு

மெர்வின் காஃபைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் இன்றைக்கும் எனக்கு நாக்கு கசக்கும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் ஷ்ரோப்ஷயரில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரே சரிவில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம். நான் ஹோரஸ் ப்ரீஸ், பண்ணை பண்ணையாகப் போய் டெரியர் நாய்களை வைத்து எலி பிடிப்பவன். அவன் கவுன்சிலில் சாலைப் பணியாள். ஏழு மைல் சாலை அவன் பொறுப்பு. வாய்க்காலைத் தூர் வாருவான், புதர்வேலியை வெட்டுவான், இலைகளைக் கூட்டுவான். முப்பது வருடம் அதே ஏழு மைலை நடந்தே கழித்தான். கட்டிய மனைவி இரண்டாம் வருடமே ஒரு பால் வண்டிக்காரனோடு ஹெரிஃபோர்டுக்குப் போய்விட்டாள். அதற்காக அவன் ஒரு சொல் திட்டி நான் கேட்டதில்லை. அவனுக்காக நான்தான் திட்டினேன்.

ஏழு மைலில் அவன் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. வேலி ஓரமாக அவனோடு நடந்தால், "இங்க காலைல வல்லூறு ஒண்ணு உக்காந்து சாப்பிட்டிருக்கு" என்பான். குனிந்து பார்த்தால் வெட்டிப்போட்ட அடிமரத்தின் மேல் கருங்குருவி இறகு வட்டமாக உதிர்ந்து கிடக்கும். அந்த வல்லூறு தினமும் எட்டு மணிக்கு முழங்கால் உயரத்தில் வேலியோடு பறந்து வரும், கேட் வந்ததும் சட்டென்று மறுபக்கம் தாவும், அங்கே மேய்கிற குருவிகளுக்கு யோசிக்க நேரமே இருக்காது என்பான். மறுநாள் எட்டு மணிக்கு அந்தக் கேட் பக்கத்தில் போய் நின்றேன், பொய்யாக இருக்கட்டும் என்று. எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அது என் தொப்பியை உரசிக்கொண்டு போனது.

எனக்கும் கண் உண்டு. சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை இருந்தால் அதில் எத்தனை எலி உரசிப் போகிறது என்று சொல்வேன். பொந்தின் முன்னால் என் நாய் வாலை ஆட்டுகிற ஆட்டிலேயே உள்ளே இருப்பது எலியா முள்ளெலியா என்று தெரிந்துவிடும். ஆனால் என் பேச்சை யார் கேட்டார்கள்? பண்ணைக்காரர்கள் எலிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நரி எந்தப் பக்கம் போகிறது, மழை எப்போது வரும், ஆந்தை ஏன் கூட்டை விட்டுப் போனது, இதெல்லாம் மெர்வினிடம் கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்றாலும், "மெர்வின் வரட்டும், அவனக் கேப்போம்" என்பார்கள். அவன் பெருமை அடித்துக்கொண்டிருந்தாலாவது திட்டி மனதை ஆற்றியிருப்பேன். அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்து, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்..." என்றுதான் ஆரம்பிப்பான். அது இன்னும் எரியும்.

ஐம்பதாவது வயதில் அவன் லைசென்ஸ் வாங்கி வல்லூறுக் குஞ்சு ஒன்றை எடுத்து வளர்த்தான். பெண் பறவை. டில்லி என்று பெயர். மஞ்சள் கண்ணால் உலகத்தையே குற்றம் சாட்டுகிற பார்வை. தினமும் காலையில் பித்தளைத் தராசில் அவளை நிறுப்பான். ஒன்பது அவுன்ஸ் இருந்தால் பறக்கவிடுவான். அதற்கு மேல் கால் அவுன்ஸ் ஏறினாலும் அன்றைக்கு வீட்டில்தான். கால் அவுன்ஸ் குறைந்தால் கையைப் பிசைந்துகொண்டு அவள் பக்கத்திலேயே இருப்பான். வல்லூறுக்குப் பாசம் கிடையாது. பசி இருக்கிறவரைதான் உறவு. வயிறு நிறைந்துவிட்டால் வளர்த்தவன் யார், வழிப்போக்கன் யார்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வேலிக்குள்ளிருந்து இரையைக் கிளப்பிவிட அவனுக்கு ஒரு நாய் தேவைப்பட்டது.

"ஹோரஸ், சனிக்கிழமை மட்டும் உன் டான்சியக் குடுடா. அவளப்போல முள்ளுக்குள்ள நுழையற நாய் இந்தப் பக்கத்துலயே இல்ல" என்றான்.

புகழ்ச்சிக்கு மயங்கிக் கொடுத்தேன். டான்சி என் கையில் பிறந்தவள், கம்பி முடி, ஒரு காது கிழிந்தவள். நான்கு சனிக்கிழமைக்குள் என்ன ஆனது தெரியுமா? வேலிக்குள் புகுந்து நீர்க்கோழியைக் கிளப்பிவிட்டு வெளியே வந்ததும் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். ஐந்து வருடம் சோறு போட்டவன். அவள் அவனைப் பார்க்கிறாள். பண்ணைக்காரன் பஃப்டன் ஒரு நாள் கேட்டான்: "மெர்வினோட நாய் குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வையேன், ஹோரஸ்."

மெர்வினோட நாய்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பஃப்டனின் தாழ்வயலில் ஊர் கூடும். நாய் ஓட்டம், சூடான ஆப்பிள் சைடர் என்று கும்மாளமாக இருக்கும். அந்த வருடம் டில்லி பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். மெர்வினிடம் வண்டி கிடையாது. என் வேனில்தான் போனோம். காலையில் அவளை அவன் நிறுத்தபோது நானும் பார்த்தேன். சரியாக ஒன்பது.

என் கோட்டுப் பையில் செய்தித்தாளில் சுற்றிய அரைக் குருவி இருந்தது. இறகு பிய்த்து, எலும்பு நீக்கி, விழுங்க வாகாக நறுக்கி வைத்திருந்தேன். வழியில் கிடைத்தது என்றோ, விளையாட்டுக்குச் செய்தேன் என்றோ பொய் சொல்ல மாட்டேன். முந்தின நாள், எல்லோரும் வாத்து வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கொட்டகையில் உட்கார்ந்து நறுக்கியது அது.

பண்ணை வீட்டு வாசலில் பஃப்டனின் மனைவி மெர்வினைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப்போனாள். பண்டிகைப் பலகாரம் தின்னாமல் யாரையும் விட மாட்டாள். பத்து நிமிடம். வேனில் நானும், இருக்கையின் முதுகில் உட்கார்ந்திருந்த டில்லியும், பின்னால் டான்சியும். ஒவ்வொரு துண்டாக நீட்டினேன். டில்லி என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, இறைச்சியை மட்டும் பார்த்தாள். இவளுக்குக்கூட நான் யாரோதான் என்று நினைத்தபடி கடைசித் துண்டையும் கொடுத்தேன்.

வயலில் முப்பது பேர் இருந்தார்கள். மெர்வின் கையுறையில் அவளை ஏற்றினான். வழக்கம்போல விரலின் பின்புறத்தால் அவள் மார்பைத் தடவினான். விரல் தொண்டைக்குக் கீழே நின்றது. இரைப்பை புடைத்திருந்தால் இறகுக்கு மேலேயே தெரியும். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"ஹோரஸ், விடலாமா?" என்றான் மெதுவாக.

"உன் பறவ. என்னக் கேட்டா?"

"உன்னத்தான் கேக்கறேன்."

"விடு" என்றேன்.

விட்டான். டான்சி வேலிக்குள் பாய்ந்தாள், நீர்க்கோழி ஒன்று படபடவென்று கிளம்பியது. டில்லி அதை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓக் மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, அலகைக் கிளையில் துடைத்தாள். மெர்வின் இறைச்சியைக் காட்டி விசில் அடித்தான். மறுபடி அடித்தான். அவள் இறகைக் கோதினாள்.

"என்ன மெர்வின், மகாராணி பண்டிகை விருந்து முடிச்சிட்டுத்தான் வந்தாங்களா?" என்று பஃப்டன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் ருசி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. பிறகு காற்று எழுந்தது. டில்லி கிளம்பி மேட்டைத் தாண்டி அரசாங்க ஊசியிலைக் காட்டுப் பக்கம் போனாள். காலில் கட்டிய மணிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பறவை போனால் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் காலில் தோல்வார் இருக்கிறது. காட்டில் அது ஏதாவது கிளையில் சிக்கினால் தலைகீழாகத் தொங்கியே செத்துப்போகும். எனக்கு அது தெரியாதா? தெரியும். அரைக் குருவியை நறுக்கும்போது அதை நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் என் வாசலில் நின்றான். "டான்சியக் குடு. நீயும் வா. எனக்கு எடது காது கேக்காதுன்னு தெரியுமில்ல." கவுன்சில் குவாரியில் கல் உடைக்கிற இயந்திரம் எடுத்துக்கொண்ட காது அது.

உறைபனியில் காடு முழுக்க மதியம்வரை நடந்தோம். அவன் முகம் சாம்பலாக இருந்தது, டான்சி அவன் காலடியிலேயே போனாள். அப்போதுதான் மேற்கே, தூரத்தில், கருங்குருவிகள் ஒரே இடத்தில் நின்று சிங்க் சிங்க் என்று ஓயாமல் ஏசுவது என் காதில் விழுந்தது. நகராத எதிரியைக் கண்டால்தான் அவை இடம் மாறாமல் அப்படி ஏசும். மெர்வின் காதில் விழவில்லை. அவன் கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். போகட்டும், அவன் கிழக்கேயே போகட்டும் என்று இருந்தது. ஆனால் ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது! அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? இரக்கத்தால் கத்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல.

"டேய் செவிட்டுப் பயலே! அந்தப் பக்கம் எங்கடா போற? கருங்குருவி கத்தறது கேக்கல?"

ஓடினோம். ஒரு லார்ச் மரத்தில் பன்னிரண்டு அடி உயரத்தில் அவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள், ஒரு சிறகு விரிந்தபடி. நான் குனிந்தேன். அவன் சேற்றுப் பூட்ஸோடு என் தோள்மேல் ஏறி வாரை அறுத்தான். கோட்டுக்குள் அவளை வைத்துக்கொண்டு இறங்கியபோது அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. "மூச்சு இருக்குடா" என்றான். "நீ இல்லன்னா போயிருப்பா."

அன்று சாயங்காலம் டில்லி அவன் அடுப்பருகே ஒரு பெட்டியில் கண்ணைத் திறந்து எங்களை முறைத்த பிறகு, பப்புக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே மெர்வின் சொன்னான்: "கெடச்சிட்டா. ஹோரஸ்தான் கண்டுபிடிச்சான். நான் வேற பக்கம் போயிட்டேன். இவன் காதே காது."

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். கடைக்காரி ஃபிலிஸ் பெரிய கோப்பையில் சைடர் ஊற்றிக் கொடுத்தாள். ஐம்பது வருடம் நான் ஏங்கிய வார்த்தைகள். குடிக்காமல் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"கேளுங்க. நேத்து அவளுக்குத் தீனி போட்டது நான். வேன்ல வச்சு. அரைக் குருவி."

"ஏன் போட்ட?" என்றான் பஃப்டன்.

"பொறாம. வேற என்ன?"

ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு பஃப்டன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா ஞாயத்த! மெர்வின் எடை பாக்காம கொழுத்த பறவையக் கொண்டாந்து மானம் போச்சு. அந்தப் பழிய இவன் தன் தலையில போட்டுக்கறான்!"

"சத்தியமா நான்தான்!" என்று கத்தினேன்.

"போதும், ஹோரஸ், எங்கள அழ வைக்காத" என்று ஃபிலிஸ் ஏப்ரன் துணியால் கண்ணைத் துடைத்தாள். "சிநேகிதன்னா இவன்தான்யா சிநேகிதன்."

நான் மெர்வினைப் பார்த்தேன். அவன் ஒரு சொல் சொன்னால் நம்புவார்கள். அவன் பேச்சை நம்பாதவர் யார்? தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.

"நேத்து காலைல நான் சரியா நிறுக்கலதான்" என்றான்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா பொய் சொன்ன? ஒன்பது அவுன்ஸ்னு நானும் பாத்தேனே!"

"உண்மையச் சொன்னா நாளைக்கு உன்ன எந்தப் பண்ணைக்குள்ள விடுவாங்க?" என்றான். "எலி பிடிக்கறவன் தனியா களஞ்சியத்துக்குள்ள போறவன். நம்பிக்க போச்சுன்னா உனக்கு என்ன இருக்கு?"

"உனக்கு?"

"எனக்குச் சாலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தான். அத்தனை வருடமும் அவனைக் கண்டால், "மெர்வின், தராசு சரியா இருக்கா?" என்று கேட்காத ஆள் இல்லை. நரியைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஊர் என்னிடம் கேட்க ஆரம்பித்தது. அவன் பக்கத்தில் நின்றாலும் என்னிடம்தான் கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான், நான் தப்பாகச் சொன்னாலும் திருத்த மாட்டான். எனக்கு அப்போதும் அவன்மேல் பொறாமைதான். அவனிடம் இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்ட பிறகும், அப்படி நிற்க எனக்கு வரவில்லை.