செக்கின் பின்பக்கம்

போன செவ்வாய்க்கிழமை பேங்க்குக்குப் போயிருந்தேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட என்பது சாக்கு. உண்மையில் ஒரு சந்தேகம் கேட்கத்தான் போனேன். கவுன்டரில் சின்ன வயதுப் பெண் அதிகாரி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன்..." என்று ஆரம்பித்தேன்.

வெட்கப்படும்படியான காரியங்கள் எல்லாம் எப்போதும் நம் ஃப்ரெண்டுக்குத்தானே நடக்கின்றன?

"அவங்க பேருக்கு வந்த செக்கை, பின்னாடி கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்குக் குடுத்துட்டாங்க. அது ரிட்டர்ன் ஆயிடுச்சு. இப்ப அந்த இன்னொருத்தர் யாரைப் போய்க் கேட்கணும்?"

"செக் குடுத்த கம்பெனியைக் கேக்கலாம். உங்க ஃப்ரெண்டையும் கேக்கலாம் மேடம். பின்னாடி கையெழுத்துப் போட்டாலே, பணம் வரலேன்னா நானும் பொறுப்புன்னு அர்த்தம்தானே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஃப்ரெண்ட் யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஆம்பூர் பக்கம் ஒரு சின்ன ஷூ கம்பெனி. அவர்களுடைய தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். பசை டப்பாவை எப்படித் திறப்பது, கட்டிங் மெஷினில் கையை எங்கே வைக்கக் கூடாது... இப்படி இருபது பக்கம். முதல் பக்கத்தில், 'உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதை எழுதியவளும் நான்தான்!

சம்பளமாகப் பதினெட்டாயிரத்துக்கு ஒரு செக் வந்தது.

அதே வாரம் குமரேசன் வந்தார். பக்கத்து ஊரான அணைக்கட்டுக்காரர். என் வேலூர் வீட்டுக்குப் புது வயரிங் போட்டுத் தந்த எலெக்ட்ரீஷியன். அவருக்கு நான் தர வேண்டிய பாக்கியும் கிட்டத்தட்ட அதே தொகைதான்.

"அக்கா, பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அடுத்த வெள்ளிக்கிழம கடைசி நாளு. விட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம்."

"இவ்வளவுதானே? உட்காருங்க" என்றேன். உள்ளே போய் அந்த செக்கை எடுத்து வந்தேன்.

செக்கை இன்னொருவருக்கு எழுதித் தரலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் எனக்குத் தெரியாது. குமரேசனுக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். மூலையில் ரெண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதியிருந்தால், அது என் கணக்கைத் தவிர வேறு எங்கும் போகாது. பாருங்கள், இதில் கோடு இல்லை. செக்கைத் திருப்பி, 'பே டு குமரேசன்' என்று எழுத வேண்டும். பாஸ்புக்கில் இருக்கிற மாதிரியே முழுப் பெயர். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்தது. இனி இது உங்கள் செக்!

"உங்க பேங்க்குல கேள்வி கேட்பாங்க. எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்றும் சொன்னேன். கேட்டார்கள். போனில், "ஆமாம், நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்று கம்பீரமாகப் பதில் சொன்னேன்.

குமரேசனிடம் எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர.

செக்கைக் கையில் கொடுக்கும்போது கம்பெனி மேனேஜர் சொன்னது: "மேடம், ஒரு பத்து நாள் கழிச்சுப் போடுங்க. இப்பக் கொஞ்சம் டைட்டு." பத்து நாள் கழித்தும் அந்தக் கணக்கில் பணம் இருக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம். சந்தேகம் என்ன... ஏறக்குறைய நிச்சயம். ஆர்டர் குறைந்து பாதி மெஷின்கள் சும்மா நின்றதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அப்புறம் ஏன் கொடுத்தேன்?

பர்ஸில் ஒரு கிழிந்த இருபது ரூபாய் நோட்டு இருந்தால் நாம் என்ன செய்வோம்? பேங்க்கில் மாற்றித் தருவார்கள் என்று தெரியும். ஆனால், போக மாட்டோம். நகைக்கடையில் நீட்டுவோமா? மாட்டோம். ஷேர் ஆட்டோவில் இறங்குகிற அவசரத்தில், நாலாக மடித்து டிரைவர் கையில் திணிப்போம். பூக்காரம்மாவிடம் தள்ளுவோம். நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்று நாம் யோசித்து முடிவு செய்வதே இல்லை... கை தானாகவே கீழ்ப்பக்கமாகத்தான் நீள்கிறது.

நானும் நீட்டினேன். கூடவே உபகாரம் செய்த பெருமை வேறு.

அடுத்த வாரம் புதன்கிழமையே செக் திரும்பிவிட்டது. கணக்கில் பணம் இல்லை. பேங்க்கில் கொடுத்த ரிட்டர்ன் சீட்டோடு குமரேசன் வந்து நின்றார். பின்னால் கையெழுத்துப் போட்டவளுக்கும் பொறுப்பு உண்டு என்று அன்றைக்கு எனக்குச் சட்டப்படி தெரியாது. மனசுக்குத் தெரியாதா?

"அது கம்பெனி செக்குப்பா. அவங்களைத்தான் கேட்கணும்" என்றேன்.

மனுஷர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆம்பூருக்கு மூன்று முறை பஸ் ஏறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு. நடுவில் ஒரு நாள் எனக்குப் போன்: "ஃபீஸ் கட்டிட்டேன்க்கா. ட்ரில்லிங் மெஷினை தோஸ்த் ஒருத்தன்கிட்ட அடமானமா வெச்சேன். இப்ப அதையே அவன்கிட்ட நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கினு இருக்கேன். கொஞ்சம் பேஜார்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கப்புறம்தான் பேங்க்கில் அந்த ஃப்ரெண்ட் கதை.

அங்கேயே என் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு, நேராக அணைக்கட்டுக்கு பஸ் ஏறினேன். கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். மொத்தப் பாக்கியையும் கொடுத்தேன். பஸ் சார்ஜ், செக் திரும்பியதற்கு பேங்க் பிடித்த காசு, மெஷின் வாடகை என்று மேலே கொஞ்சம் சேர்த்தும் வைத்தேன்.

"ரொம்ப டாங்க்ஸ்க்கா. கம்பெனிக்காரன் ஏமாத்துனதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? வேற யாராச்சும்னா குடுத்திருக்க மாட்டாங்க."

அவருடைய பணத்தை அவருக்குக் கொடுத்ததற்கு நன்றி! அதை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை.

"குமரேசன், அந்த செக்கைப் பத்து நாள் கழிச்சுத்தான் போடணும்னு அவங்க சொன்னாங்க. நான் உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்க்கா" என்றார். "ரெண்டாவது தபா போனப்பவே மேனேஜர் சொல்லிட்டாரு. 'பத்து நாளு கழிச்சுப் போடச் சொல்லித்தான்யா அந்தம்மா கையில குடுத்தேன், உங்கிட்ட சொல்லலியா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அக்காவுக்கு வேல ஜாஸ்தி, மறந்துட்டிருப்பாங்க'ன்னேன்."

நான் மறக்கவில்லை.