குலுக்கு ரயிலில் தலையாட்டியது

பொருட்காட்சியில் மேலேறிச் சரிந்து ஓடுகிற அந்தக் குலுக்கு ரயில் மதுரையில் ஓடியபோது திறந்தவெளியில்தான் ஓடியது. உச்சிக்குப் போனால் கோபுரம் தெரியும் என்று ஏறி வந்தவர்கள் பீற்றிக்கொண்டார்கள். அங்கே பொருட்காட்சி முடிந்ததும் தண்டவாளத்தைக் கழற்றி லாரிகளில் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே மழையில் மைதானம் சேறாகிவிட்டதால், காலியாகக் கிடந்த ஒரு புகையிலைக் கிடங்குக்குள் அதைப் பொருத்தினார்கள். சீட்டு வாங்காதவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்தார்கள். புகையிலை நெடி மட்டும் போகவில்லை.

என்னைப் பெண் பார்த்தது அங்கேதான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடுமே! அதனால் இரண்டு குடும்பமும் பொருட்காட்சியில் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு. எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் என்றால் அது போச்சு. அப்பா நல்ல மனுஷர். "ஒனக்குப் பிடிக்கலைன்னா ஒத்த வார்த்த சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்.

மாப்பிள்ளை பக்கத்தில் நான் உட்காரலாமா? அவரை முன் பெட்டியில் ஏற்றினார்கள். பின் பெட்டியில் நானும், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவும். மேல் வளைவுக்குப் போனபோது கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. கையெட்டும் உயரத்தில் தகரக் கூரை. மடிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி. இறங்கவும் முடியாது, எழவும் முடியாது.

"ஏங்கண்ணு, என்ற தம்பியப் புடிச்சிருக்குதா?" என்று அக்கா காதோரம் கேட்டார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் வாயைத் திறந்து பேசுவது எங்கள் வழக்கத்தில் ஏது? இல்லையென்று தலையை ஆட்டினேன். கழுத்து வலிக்கிற அளவுக்கு ஆட்டினேன். இருட்டில் யாருக்கும் தெரியாது என்பது இந்த மடச்சிக்கு உறைக்கவே இல்லை.

விளக்கு வந்து கீழே இறங்கியதும் அக்கா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, புள்ள மறுத்து ஒண்ணுமே சொல்லலீங்க. சம்மதந்தானுங்க!" என்று சொல்லிக்கொண்டே தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி என் தலையில் வைத்தார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒற்றை வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

மூன்றாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன்.

"எனக்கும் அப்பக் கல்யாணம் வேண்டாம்னுதான் இருந்துச்சு. அக்காகிட்டச் சொல்லத் தைரியமில்ல. நீயாச்சும் மாட்டேன்னு சொல்லிருவேன்னு நம்பித்தான் முன்னால கம்முனு உக்காந்திருந்தேன்" என்றார்.