மெத்தை கட்டிய மரங்கள்

என் மகன் தவழத் தொடங்கிவிட்டான். போன வாரம் குழந்தை மருத்துவரிடம் போனபோது கொடுத்த படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது இரத்த நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ‘இல்லை’ என்று குறித்தேன், அடித்தேன், மறுபடி குறித்தேன். அப்போதுதான் அந்த ராணியின் நினைவு வந்தது.

நான்காம் வகுப்பில், ஒரு மாலை ஒன்றரை மணி நேரம், நான் ஸ்பெயின் நாட்டு ராணியாக இருந்தேன்.

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ என்ற ஊரில் எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மெழுகு பொம்மைக் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு குழந்தையும் சரித்திரத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் போல உடுத்தி, சுவரோரமாக அசையாமல் நிற்க வேண்டும். காலடியில் ஒரு சிவப்புக் காகித வட்டம் ஒட்டியிருக்கும். அதுதான் பொத்தான். பார்க்க வருபவர் அதை மிதித்தால் பொம்மை தன் கதையைச் சொல்லிவிட்டு மறுபடி உறைந்துவிடும். மற்ற பெண்கள் விமானம் ஓட்டியவர், விண்வெளிக்குப் போனவர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் படத்திலிருந்த நீல கவுனுக்காக ராணியை எடுத்தேன். அவர் நாட்டை ஆண்டவர் அல்லர், ஆண்ட ராஜாவின் மனைவி. அந்த வித்தியாசம் கவுனில் தெரியவில்லை.

மிச்சக் கதை நூலகப் புத்தகத்தில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கல்யாணமாகி வந்த அந்த ராணியின் இரத்தத்தில் ஒரு நோய் ஒளிந்திருந்தது. அவரை அது ஒன்றும் செய்யவில்லை. மூத்த மகனையும் கடைசி மகனையும் பிடித்தது. அவர்களுக்குக் காயம் பட்டால் இரத்தம் லேசில் நிற்காது. பிள்ளைகள் மோதிக்கொள்ளக் கூடாதென்று அரண்மனைத் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் மெத்தை கட்டியிருந்தார்களாம். ஆனாலும் வளர்ந்த பிறகு இருவருமே வெவ்வேறு கார் விபத்துகளில், வெளியே பெரிய காயம் ஏதுமில்லாமலே, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து இறந்துபோனார்கள். மூத்தவர் இறந்தது அமெரிக்காவில். ராஜா ராணியை மன்னிக்கவே இல்லை. பெண் பிள்ளைகளிடம் அந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது, அவர்களுக்குள் ஒளிந்திருந்து அவர்களுடைய மகன்களுக்குப் போகலாம் என்றும் எழுதியிருந்தது. அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லை என்று அந்த வரியை நிம்மதியாகக் கடந்தேன்.

மரங்களைப் பற்றிய வரியைக் கடக்க முடியவில்லை. எங்கள் வீட்டு டைனிங் டேபிளின் நான்கு முனைகளிலும் அம்மா பழைய துண்டுகளைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள். டிவி ஸ்டாண்டிலும் சுற்றியிருந்தாள். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பூஜை அலமாரியில் ஒரு சிறுவனின் படம் இருந்தது. அம்மாவின் அண்ணன், எட்டு வயதோடு நின்றுவிட்ட மாமா. அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டதற்கு, “பல்லு பிடுங்கப் போனான்” என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள்.

நான் எழுதிய பேச்சை அம்மா நின்றுகொண்டே படித்தாள்.

“வேற ராணி யாரும் கிடைக்கலையாடி உனக்கு?”

“ஐ லைக் ஹர் டிரஸ், மா.”

“டிரஸ் நல்லாத்தான் இருக்கு. இந்த ரத்தம் கித்தம்லாம் எதுக்கு? எடுத்துடு.”

“டீச்சர் ஆல்ரெடி அப்ரூவ்ட் இட்.”

அம்மா காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். “சரி. அப்பா முன்னாடி ப்ராக்டிஸ் பண்ணாத.”

அப்பா நேரில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் தம்பியின் பின்னாலேயே அலைந்தேன். பார்க்கில் சறுக்கு மரத்தில் ஏற விடவில்லை. அவன் முழங்காலில் நீலமாக ஏதாவது தெரிந்தால் உடனே பிடித்து உட்காரவைப்பேன். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அது க்ரேயானாக இருக்கும்.

கண்காட்சி அன்று அம்மா தன் நீலப் பட்டுப்புடவையைப் பின் குத்திக் குத்தியே கவுனாக்கியிருந்தாள். நான் மூச்சைப் பிடித்து நின்றேன். அப்பா கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தம்பி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தான். தரையில் கிடந்த புடவை அவன் காலில் சிக்கியது. குப்புற விழுந்தான், அந்தச் சிவப்பு வட்டத்தின் மேலேயே. நிமிர்ந்தபோது உதடெல்லாம் இரத்தம்.

பொம்மை குனியக் கூடாது. பொத்தான் அழுந்தினால் பேச வேண்டும். பயத்தில் எனக்கு அந்த விதிகள் மட்டும்தான் நினைவிருந்தன. பேசினேன். என் இரத்தத்தில் ஒரு நோய் இருந்தது, எனக்கே தெரியாமல் அதை என் மகன்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், ஒரு வரி விடாமல்.

அப்பா கேமராவைத் தாழ்த்தினார். “என்ன சொல்றா இவ?”

“ஸ்கூல் ப்ராஜெக்ட்டுங்க” என்றாள் அம்மா. தம்பியின் உதட்டில் டிஷ்யூவை அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.

“சின்னக் காயம்தானே. நீ எதுக்கு இப்படி நடுங்கற?”

“கொஞ்சம் சும்மா இருங்க.”

ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ இருக்கும். அம்மா டிஷ்யூவை எடுத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தி, மறுபடி எடுத்தாள். இரத்தம் நின்றிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது காரில் தம்பி தூங்கிவிட்டான். பயம் விட்டுப்போனதில் எனக்கு நன்றாகப் பசித்தது. முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள், தம்பியை அல்ல, என்னை. சிக்னல் மாறி வண்டி கிளம்பிய பிறகும் பார்வையை எடுக்கவில்லை. தம்பி விழுந்தபோது நான் குனியாததற்குக் கோபம் என்று நினைத்தேன்.

“ஸாரி மா. ஐ வாஸ்ன்ட் அலவ்ட் டு மூவ்.”

“உன்மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள். “எப்பவும் இல்ல. புரியுதா?”

புரிகிறது என்றேன்.

மறுவாரம் மேஜை முனைகளிலிருந்த துண்டுகளை அம்மா பிரித்தெடுத்தாள். தூக்கிப் போடுவாள் என்று பார்த்தேன். துவைத்துக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, என் அலமாரியின் மேல்தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்னுடைய அலமாரியில் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.