வாசலில் சொன்ன செபம்

என் மனைவி செலின் இறந்த பிறகு வந்த முதல் ஈஸ்டர் அது. சேந்தமங்கலத்தில் எங்கள் பங்குத்தந்தை, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வீடு வீடாக வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வருகிறவர்களை வரவேற்று உட்காரவைப்பதெல்லாம் அவள்தான். இந்த முறை ஆறுதல் வார்த்தைகளைக் கேட்கும் தெம்பு எனக்கில்லை. கதவைத் தாழிட்டுவிட்டுச் சமையலறையில் ஒளிந்துகொண்டேன்.

ஃபாதரும் கூட வந்தவர்களும் கதவைத் தட்டினார்கள். மூச்சுவிடாமல் நின்றேன்.

“வெளியூர் போயிட்டாருங்களா?” என்று ஃபாதர் கேட்டார்.

“இல்லீங்க ஃபாதர், உள்ளதான் இருக்காரு. ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதுங்க” என்றார் பக்கத்து வீட்டு ரோசிலி அக்கா.

எனக்கு வெட்கமாகிவிட்டது.

“சரிங்க, இங்கயே செபிச்சிட்டுப் போலாம்” என்றார் ஃபாதர்.

வாசலில் நின்றபடியே செபித்தார்கள். “இந்த வீட்டில் வாழ்ந்த செலினுக்காகவும்” என்று அவர் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அடக்கம் முடிந்ததிலிருந்து யாரும் என் காதுபட அவள் பெயரைச் சொன்னதில்லை. தனியாக இருக்கும் நான் அதை யாரிடம் சொல்வது?

கதவைத் திறந்தபோது அவர்கள் படியிறங்கிவிட்டிருந்தார்கள்.

“ஊட்டுக்குள்ளயும் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போங்க ஃபாதர்” என்றேன்.

ஏன் முன்பே திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து தெளித்துவிட்டுப் போனார்கள். வீடு பழையபடி அமைதியானது. அன்று மாலை, “செலின்” என்று ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும், கூப்பிட முடிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.