மேல்பிரிவுக்கு ஏறும் பாதை

தம்பி கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் தொடங்கிய மழை பதுளை பஜாரில் இன்னும் விடவில்லை. தர்மலிங்கம் அண்ணனின் மனைவி சரசு அக்காதான் பேசினார். "உங்க அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மழை பெய்தால் என் ஃபோன் அடிக்கும், அவர்தான் கூப்பிடுவார், வெளியே கிளம்பாதே என்று அதட்டுவார். அந்தக் குரலை எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். வந்தது அக்காவின் குரல்.

இதை வாசிக்கும், அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நானும்தான். பதுளையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் சட்டையின் நிறத்தைக் கேட்காமல் வாங்க மாட்டார். தேய்க்காத சட்டையோடு கூட்டத்துக்கு வந்தவனைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்து மானத்தை வாங்குவார். என்னை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கடை அப்பா காலத்தது. பார்வை போனபிறகு நான் அங்கே கல்லாப் பக்கம்கூடப் போவதில்லை என்பது தெரிந்தும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கள் கடை மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், மாதம் ஒரு சனிக்கிழமை பார்வையற்றவர்கள் சிலர் கூடுவோம். ஸ்பிரிங்வெளியிலிருந்தும் நமுனுகுல பக்கமிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். ஃபோன் எல்லோரிடமும் வந்துவிட்டது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலும் வந்துவிட்டது. வழி சொல்லும் செயலிகள்தான் ஆளுக்கொன்று. ஒருவனுக்குச் சிக்கல் வந்தால் இன்னொருவனால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. எல்லோரும் ஒன்றையே வைத்துக்கொள்வோம், எதை என்று சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம் என்று யோசனை சொன்னவர் அண்ணன். சோதிக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பிறர் கையில் கொடுத்தால் அவருக்குத் தூக்கம் வராது.

முதலில் பார்த்தது எல்லார் ஃபோனிலும் வாங்கும்போதே இருக்கும் செயலி. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது போதும். பஸ் நிலையத்தில் நின்ற அண்ணனிடம் மேற்கு நோக்கி நடக்கச் சொன்னது. மேற்கு எந்தப் பக்கம் என்று அது சொல்லவில்லை. விசாரித்து நடந்து, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அது அறிவித்தபோது, கடைக்கு எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். அங்கிருந்தே ஃபோனுக்கு விழுந்த திட்டு எங்கள் மாடிவரை கேட்டது. அப்புறம் மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வழி தெரிஞ்சவன் கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசுவான் முதலாளி. தெரியாதவன் குரல்தான் இவ்வளவு இனிமையா இருக்கும்."

அடுத்தது நடப்பவர்களுக்கென்றே செய்த செயலி. நம் முன்னால் ஒரு கடிகாரம் படுத்திருப்பதாக வைத்துக்கொண்டு, இரண்டு மணித் திசையில் திரும்பு, ஒன்பது மணித் திசையில் மருந்துக் கடை என்று சொல்லும். சிக்னல் இல்லாத மலையிலும் பேசும். அதன் வரைபடத்தைப் போட்டவர்கள் ஊர் ஊராக இருக்கும் ஆர்வலர்கள். ஆட்கள் நடந்த தடத்தை ஃபோனில் பதிந்து அனுப்பினால், அதையும் பாதையாக்கிவிடுவார்கள். அண்ணன் அதில் சொக்கிப்போனார். ரோடே இல்லாத தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளை அது வரிசையாகச் சொன்னபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதுதான் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவானது.

எங்களில் அதிகம் மகிழ்ந்தவள் புஷ்பம். ஒரு தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஃபோனில் நேரம் பதிந்து கொடுக்கிறவள். காய்ச்சலில் பார்வை போய்ச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. எங்கே போனாலும் அம்மா கையைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தவள், செயலி வந்த பிறகு தனியாகப் போய் சோப்பு வாங்கி வந்ததை எங்களிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இனி மேல்பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனின் ஊர் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்பிரிவு. மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண்சரிவு வரலாம் என்று அதிகாரிகள் அங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஆட்களை இறக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் புது வீடுகள் கொடுத்தார்கள். வந்தவர்கள் புது இடத்தையும் மேல்பிரிவு என்றே கூப்பிட்டார்கள். பெயரைக் கீழே கொண்டுவந்தவர்கள் காவல் தெய்வமான மாடசாமியை மட்டும் கொண்டுவரவில்லை. வாக்குக் கேட்காமல் சாமிக் கல்லை அசைக்கக் கூடாது. கேட்டபோது சாமி இறங்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட ஆட்கள் மேலே ஏறுகிறார்கள். ஆளில்லாத லயத்துக்குப் போகும் பாதையில் புல் முளைக்கவே இல்லை.

தன் ஊருக்கு வெளியாள் ஒருவனைச் செயலி எப்படி அழைத்துப் போகிறது என்று எனக்குக் காட்ட வேண்டும் என்றார். தூறல் விழுந்த ஒரு பின்னேரம் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மேல்பிரிவு என்று ஃபோனிடம் சொன்னார். அவர் வீடு இடப்பக்கம், ரோட்டோடு போக வேண்டும். ஃபோன் இரண்டு மணித் திசையில் ஏறச் சொன்னது. எனக்கு அப்போதே திரும்பிவிடலாம் என்றிருந்தது. அண்ணன் விடுவாரா? "எங்கதான் கூட்டிட்டுப் போறான்னு பாப்போமே" என்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.

தேயிலைக்கு நடுவே நல்ல வழுவழுப்பான பாதை. ஏற ஏற நாய்ச் சத்தம், ரேடியோச் சத்தம் எல்லாம் கீழே போய்விட்டன. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அது பக்கத்தில் ஓடவில்லை, எங்கள் காலுக்கடியில் மண்ணுக்குள் ஓடியது. அண்ணன் சட்டென்று நின்றார். அவருடைய வெள்ளைப் பிரம்பு ஒரு பிளவுக்குள் இறங்கியிருந்தது. கைப்பிடிவரை விட்டுப் பார்த்தார், அடி தட்டவில்லை. என்னைக் குனியச் சொல்லி என் கையைப் பிளவின் மேல் வைத்தார். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்த நேரத்தில் ஃபோன் அதே இனிய குரலில், நேராகச் செல்லவும் என்றது. வந்த வழியே திரும்பி இறங்கினோம்.

விளக்குப் போடப் போகிறவர்களைப் பிறகு விசாரித்தோம். ஆமாங்க, போன மழையில் வெடித்தது, பார்த்துத் தாண்டிப் போவோம் என்றார்கள். அவர்கள் பார்த்துத் தாண்டுவார்கள். அவர்களில் யாரோ ஓர் இளைஞன் ஃபோனை இயக்கியபடி நடந்திருக்கிறான், தடம் பதிவாகி, வரைபடத்தில் அது பாதையாகிவிட்டது. மேல்பிரிவு என்ற பெயரும் பழைய லயத்தின் மேலேயே கிடந்தது. சாமி கும்பிடப் போனவர்களின் கால்கள்தான் எங்களுக்கு இந்த வழியைப் போட்டிருந்தன.

அடுத்த கூட்டத்தில் அண்ணன் எழுந்து, தான் தேர்ந்தெடுத்த செயலியைத் தானே வேண்டாம் என்றார். "ஆள் நடந்த தடமெல்லாம் பாதை ஆயிடாதுங்க. இதை எல்லாரும் அழிச்சிருங்க" என்றார். புஷ்பம் மட்டும் மறுத்தாள். "இது வந்தப்புறம்தாண்ணே நான் தனியா வெளிய போனேன். இதையும் பிடுங்கிட்டா நான் மறுபடி அம்மா கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்." அண்ணன் வாதத்தில் தோற்றதை நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பிரம்பைத் தரையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி புள்ள, வச்சிக்க. ஆனா மழைன்னா நான் கூப்பிடுவேன், எடுக்கணும்" என்றார்.

செயலி தங்கியது. அந்தப் பாதையை வரைபடத்திலிருந்து நீக்க வைப்பதுதான் அதன்பின் அவர் வேலை. வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியப்படுத்தினார். நல்ல மனிதர்கள், உடனே நீக்கினார்கள். சில வாரத்தில் பாதை திரும்ப வந்திருந்தது. புதிதாக வந்த தடங்களைப் பார்த்து வேறு யாரோ போட்டுவிட்டார்கள். மறுபடி சொன்னார், மறுபடி நீக்கினார்கள், மறுபடி வந்தது. ஊர்க்காரர்களிடம் சாமியை இறக்கச் சொல்லிப் பார்த்தார். சாமிக்கே சொல்லிக் கொடுக்கிறாயா என்று கோபப்பட்டார்கள். கடைசியாக என்னிடம் பேசியபோது, "அது நம்மள்ல ஒருத்தரக் கூப்பிடாம விடாது போலருக்கு" என்றார். எப்போதும் கிண்டலாகவே பேசுகிற மனிதர், அன்றைக்குக் குரலில் கிண்டல் இல்லை.

ஞாயிறு மத்தியானம் தம்பியோடு ஓட்டோவில் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணனின் கையைத் தொட்டேன். சட்டை மொடமொடவென்று தேய்த்திருந்தது. சரசு அக்கா மறக்கவில்லை. வெளியே தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம், அதற்குமேல் மழை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அண்ணனின் மருமகன் போட்டிருந்த அறிவித்தலைக் காதில் வைத்துக் கேட்டேன். இறுதிக்கிரியை நேரம், இடம் மேல்பிரிவு. கீழே வரைபடத்தில் குறித்த இடமும் இருந்தது. தம்பியிடம் திறந்து பார்க்கச் சொன்னேன். அவன் ஃபோனை வாங்கித் திறந்தான். பிறகு, "இது இந்த வீடு இல்லண்ணே. மேல பழைய லயத்தக் காட்டுது" என்றான். பாவம் அந்த மருமகன், மேல்பிரிவு என்று தட்டி, வந்த பெயரை அனுப்பியிருக்கிறான். ஊரில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். சிலர் பஸ்ஸில் இருந்தார்கள், சிலர் இன்னும் கிளம்பவில்லை. புஷ்பத்தின் ஃபோன் அடித்தபடியே இருந்து நின்றது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். அண்ணனுக்காகத் தானே தனியாகப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து முன்பே கிளம்பிவிட்டாளாம். மூன்றாந்தடவை எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.

"எங்க இருக்க?"

"ஏறிக்கிட்டிருக்கேண்ணே. தப்புச் சத்தம் கீழ கேக்குது, அப்புறம் எதிர் மலைலயும் கேக்குது. ஒண்ணும் புரியல. ஃபோன் நேரா போன்னு சொல்லுது."

"நில்லு. கால எடுக்காத. அப்படியே நில்லு."

"இப்பதான் ஒரு படி மாதிரி இருந்துச்சு, அதுல ஏறினேன்."

நானும் அண்ணனும் போனபோது அந்தப் பாதையில் படி இருக்கவில்லை.

பேச்சை நிறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். பாடை கட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் அதைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் குரல் அவள் ஃபோன் வழியாகக் கேட்கும்வரை நான் எதையெதையோ பேசினேன். அண்ணன் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நீலம் என்று சொன்னேன். சுற்றுவழியாக அவளைக் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் சொன்னதைத் தம்பி எனக்குப் பிறகுதான் சொன்னான். பிளவுக்குக் கீழே இருந்த தேயிலை முழங்கால் ஆழம் தாழ்ந்துவிட்டதாம், அவள் ஏறிய படி அதுதான். அவள் நின்ற இடத்துக்கு மேலே இன்னொரு பிளவு இருந்ததாம், அது அகலமாம். புஷ்பம் அண்ணன் காலடியில் உட்கார்ந்து, எழுப்பினாலும் எழாமல் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

இதை எழுதும் நாள்வரை அந்த மலை நிற்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது. பாதையும் ஃபோனில் இருக்கிறது. அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய அதட்டலைத்தான். மழை பிடித்தால் எல்லோரையும் கூப்பிடுகிறேன். எடுக்காதவனை ஏசுகிறேன். அவர் அளவுக்கு வரவில்லை.

அந்தச் செயலியில் நமக்கு வேண்டிய இடத்துக்கு நாமே பெயர் வைக்கலாம். பக்கத்தில் போனால் அது அந்தப் பெயரைச் சொல்லும். வீடு, கடை, பஸ் நிறுத்தம் என்று போக வேண்டிய இடங்களுக்கு வைத்திருந்தோம். போகக் கூடாத இடத்துக்குப் பெயர் வைக்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்குக்கூட. முப்பதாம் நாள் காரியம் முடிந்து கூடியபோது புஷ்பம்தான் அதைச் சொன்னாள். ஆபத்து என்று வைக்கலாம் என்றேன் நான். அப்படி வைத்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். எல்லார் ஃபோனிலும், பாதை ரோட்டை விட்டு ஏறும் இடத்தில், அவளே ஒரு பெயரைப் பதிந்து கொடுத்தாள். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பக்கம் திரும்பினாலே ஃபோன் சொல்கிறது: முன்னால், பன்னிரண்டு மணித் திசையில், தர்மலிங்கம். நாங்கள் திரும்பிவிடுகிறோம்.