ஆற்றின் சத்தம் குறைந்த மதியம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில், பாமீர் மலைமேல் பனி உருகித் தேங்கியிருந்த ஏரி உடைந்து, சேறும் பாறையுமாக ஊருக்குள் இறங்கியது. சவ்சனின் நாத்தனாரை அது வீட்டோடு கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து வெயில் ஏறினாலே சவ்சனுக்கு நெஞ்சு படபடக்கும். பிள்ளைகளைச் செருப்போடுதான் தூங்க வைப்பாள். இரண்டு தடவை "வருது" என்று கத்தி ஊரையே மேட்டுக்கு ஓடவைத்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு கடைக்குப் போனால்கூட, "இன்னைக்கு எத்தனை மணிக்கு வெள்ளம், சவ்சன்?" என்றார்கள். கணவன் மமத்ஷோவும் சேர்ந்து சிரித்தான்.

மருந்தகத்து நர்ஸ் நெக்பக்த் மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்குப் பைத்தியம் இல்லடி. உன்னை மாதிரி ஒன்பது பொம்பளைங்க எங்கிட்ட வர்றாங்க. பயம் வந்தா உடனே ஓடாத. முதல்ல போய்க் கண்ணால பாரு."

வியாழக்கிழமைகளில் சவ்சனும் அந்தப் பெண்களும் மருந்தகத்தில் கூடி, உப்புப் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி, வீட்டில் சொல்ல முடியாததைச் சொன்னார்கள்.

இந்த ஜூலையில் ஒரு மதியம், மாவு பிசைந்துகொண்டிருந்த சவ்சனின் கை நின்றது. ஆற்றின் இரைச்சல் குறைந்திருந்தது. நிஜமா, இல்லை தன் மனசா? வாய் வரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். பாறையில் ஈரத் தடம் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் ஆறு ஏறத்தான் வேண்டும். இது இறங்கியிருந்தது. மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது; உடைந்தால் மொத்தமாக வரும்.

மமத்ஷோ கூரைமேல் ஆப்ரிகாட் பழங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இறங்குங்க. ஆறு வத்துது."

"ஆரம்பிச்சுட்டியா?"

"என்னை நம்ப வேணாம். பாலத்துக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கத்த மாட்டேன்."

அவள் கத்தாததுதான் அவனை என்னவோ செய்தது. போனான். திரும்பி ஓடி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிள்ளைங்களக் கூட்டிட்டு மேல ஏறு. நான் மத்தவங்களக் கூப்பிடுறேன்."

அவன் முகத்தைப் பார்த்து யாரும் கேலி பேசவில்லை. மேட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "இதுவும் சும்மாதான்" என்று ஒருவர் எழுந்தபோது தரை அதிர்ந்தது. கறுப்பாக இறங்கிய சேறு பாலத்தையும் கரையோரத் தோட்டங்களையும் வழித்துக்கொண்டு போனது. உயிருக்குச் சேதமில்லை.

அந்த வியாழக்கிழமை மருந்தகத்தில் சவ்சன் கேட்டாள்: "நிஜமாவே வந்துருச்சே அக்கா. இனி எப்படித் தூங்குவேன்?"

நெக்பக்த் அவளுக்குத் தேநீர் ஊற்றினாள். அப்போது மமத்ஷோ உள்ளே வந்து, கதவோரம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் பேசினான்.

"என் தங்கச்சிய வெள்ளம் கொண்டுபோன அன்னைக்கு, அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. மூணு வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

சவ்சனுக்கு இது தெரியாது. சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.